துரைமார் பேசிய தமிழ்

அப்புத்தளைக் கணவாயின் இருமருங்கிலும் சரிந்திறங்கும் தேயிலை மலைகளில் பிறந்து கொழுந்தெடுத்தே முதிர்ந்த பெரியோரிடத்திலும், அம்மலைகளை ஒருகாலத்தில் நிர்வகித்துப் பின் சீமைக்குத் திரும்பிய துரைமார் எழுதிவைத்த நினைவுக் குறிப்புகளிலும், இவ்விரண்டையும் கேட்டும் வாசித்தும் வளர்ந்த நம் படித்த இளைஞரிடத்திலும், சற்றும் மாறுபடாத ஓர் அபிப்பிராயம் வேரூன்றியிருக்கின்றது. வெள்ளைக்காரத் துரை அடித்தான், அபராதம் போட்டான், அரைநாட் கூலியாகிய அரைப்பேர் போட்டு அனுப்பினான், ஆனாலும் அவன் நம்முடைய பாஷையைக் கற்று நம்மோடு நம் பாஷையிலேயே பேசினான். கச்சேரியில் இருந்த துரைமார் துபாஷியை வைத்துக்கொண்டு அலுவல் நடத்திய காலத்தில், தோட்டத்து உதவி நிர்வாகியாகிய சின்னத்துரை கப்பலை விட்டிறங்கியதும் தமிழ்ப் புத்தகத்தைக் கையிலெடுத்தான். ஆகையால் துரையின் பங்களாவுக்கும் தொழிலாளர் குடியிருந்த லயத்துக்கும் நடுவே தமிழ் ஒரு பாலமாய் விளங்கிற்று. இன்று அந்தப் பாலம் இடிந்துபோயிற்று என்பதே அந்த அபிப்பிராயம். இதனைச் சொல்லுவோர் கெட்ட எண்ணத்தோடு சொல்லுகின்றார்கள் என்று நான் கருதவில்லை. பலர் கண்கலங்கவே சொல்லுகின்றார்கள். ஆயினும் இது அடியோடு பிழையான அபிப்பிராயம் என்பதும், பழங்கதையைப் பற்றிய பிழையாக மட்டும் நில்லாமல் இன்றைய நம் விவகாரங்களிலும் தீங்கு விளைத்துவருகின்றது என்பதும் என் உறுதியான கொள்கை.

துரைமார் பேசியது தமிழன்று. தமிழ்ச் சொற்களை எடுத்து, தமிழரல்லாதார், தமிழரை வேலைவாங்குதல் என்னும் ஒரே பிரயோசனத்தைக் கருதிப் புத்தகத்தில் வைத்துச் சமைத்த ஒரு செயற்கைப் பாஷை அது. இதற்குச் சான்று தேடி நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. கொழும்பில் ‘சிலோன் ஒப்சேர்வர்’ பத்திரிகையை நடத்திவந்த பெர்குசன் குடும்பத்தார், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், சின்னத்துரைமாருக்கென்றே சட்டைப்பைக்குள் அடங்கும் தமிழ்க் கையேடொன்றை வெளியிட்டார்கள். அதன் தலைப்பு ‘இங்கே வா’ என்பது. 1915 ஆம் ஆண்டில் வெல்ஸ் என்பவர், தேயிலை இறப்பர்த் தோட்டங்களின் தொழிலாளர் விளங்கிக்கொள்ளும் வகையில் அமைந்தது என்று அறிவித்து, மற்றொரு நூலைக் கொழும்பில் அச்சிட்டார்; அதற்குக் ‘கூலித் தமிழ்’ என்று பெயர். தமிழ் இலக்கணம் என்றோ தமிழ் வாசகம் என்றோ பெயரிட அவர்களுக்கு மனம் வரவில்லையே என்று குறைகூறுவது என் நோக்கமன்று. தங்கள் நூலுக்குப் பொருந்திய பெயரையே அவர்கள் சூட்டினார்கள். தாங்கள் கற்பிப்பது வேறொரு பாஷை என்பதை மறைக்கவேண்டிய அவசியம் அவர்களுக்கு இருக்கவில்லை. பின்வந்த நாமே அதனைத் தமிழென்று நம்பி, அதற்காக நன்றியும் பாராட்டத் தொடங்கினோம்.

செயற்கைப் பாஷை என்று நான் சொல்லுவதன் கருத்தை விளக்கவேண்டும். அந்நியன் ஒருவன் ஒரு பாஷையை அரைகுறையாகப் பேசுவது வேறு. அந்த அரைகுறையையே முழுமையென வைத்து, இவ்வளவே போதும், இதற்குமேல் வேண்டியதில்லை என்று வரம்புகட்டி, அச்சிட்டு, ஒரு தலைமுறைத் துரையிடமிருந்து மறுதலைமுறைத் துரைக்குக் கையளிப்பது வேறு. முன்னது குறை, பின்னது சிருஷ்டி. அந்தச் சிருஷ்டியின் இலக்கணம் யாதெனில், வினைச்சொற்களில் ஏவலொருமை தலைமை பெற்றது: வா, போ, வெட்டு, கிள்ளு, தூக்கு, நிறுத்து. முன்னிலையில் ‘நீ’ ஒன்றே போதுமாயிற்று. பேரப்பிள்ளை கண்ட கிழவிக்கும் அப்பேரப்பிள்ளைக்கும் அதுவே. வினாக்களில் எத்தனை, எங்கே, யார் என்பவை அடிக்கடி வந்தன. ஏன் என்பதும் வந்தது, ஆனால் அது காரணத்தை அறிவதற்காக வரவில்லை, கண்டிப்பதற்காக வந்தது. பெயர்ச்சொற்களில் மண்வெட்டி, கத்தி, கூடை, கான், உரம், கொழுந்து ஆகியவை இடம்பெற்றன. நோய்களின் பெயர்கள் இடம்பெற்றபோதும், ஆள் இன்றைக்கு வேலைக்கு உதவுவானா என்று தெரிந்துகொள்வதற்கு வேண்டிய அளவே அவற்றுக்கு இடமிருந்தது. தமிழின் பெருமைகளுள் ஒன்றாகிய மரியாதைப் படிகள், வா என்பதற்கும் வாங்க என்பதற்கும் வாருங்கள் என்பதற்கும் இடையே ஒரு சமுதாயமே குடியிருக்கும் அந்த நுட்பம், இந்தச் சிருஷ்டியில் அறவே நீக்கப்பட்டது. மறந்துபோய் நீங்கியதன்று, அதனால் பயனில்லை என்று நீக்கியது.

இதன் விளைவு என்ன என்பதை நிறுவை வேளையில் வைத்துப் பார்க்கவேண்டும். மாலை நிறுவைக்குக் கொழுந்துக்கூடையோடு வந்து நிற்கும் ஒரு பெண் சொல்லவேண்டியது இதுவென்று கொள்வோம்: கவ்வாத்து வெட்டிய மலை இன்னும் தழைக்கவில்லையாகையால், இன்று எவ்வளவு விரைவாகக் கை ஓடினாலும் கேட்ட இறாத்தல் வராது, நேற்று அடுத்தவளுக்குக் கொடுத்த நிரையை எனக்குக் கொடுத்திருந்தால் வந்திருக்கும், மழை ஈரத்துக்கென்று கழிக்கும் கழிவு, மழை பெய்யாத நாளிலும் கழிக்கப்படுகிறதென்றால் அது நியாயமாகாது, பிள்ளைக்காம்பராவில் விட்ட குழந்தைக்குப் பால்கொடுத்துவந்த நேரத்தையும் கணக்கிலெடுத்துக்கொண்டு பேர் போடுங்கள். இது அவள் மூச்சுவிடுவதுபோல இயல்பாகச் சொல்லக்கூடிய பேச்சு. ஆனால் இந்தப் பேச்சுக்குள் காரணம் இருக்கின்றது, நிபந்தனை இருக்கின்றது, நடந்திருக்கக்கூடியதும் நடவாததுமாகிய ஒன்றைக் குறித்த அனுமானம் இருக்கின்றது, ஒருத்தியின் பங்கையும் மற்றொருத்தியின் பங்கையும் ஒப்புநோக்கும் நீதி இருக்கின்றது, கடைசியில் ஒரு கோரிக்கையும் இருக்கின்றது. ஆகையால், ஆனாலும், இருந்திருந்தால் என்னும் இடைச்சொற்களும் எச்சங்களும் இல்லாமல் இவற்றுள் ஒன்றையும் சொல்ல முடியாது. துரையின் தமிழிலோ அவற்றுக்கு இடமே இல்லை. எனவே அவள் சொன்னதில் அவர் காதில் ஏறியது ‘கொழுந்து இல்லை’ என்ற இரண்டு சொல்; அதற்கு அவருடைய பாஷையில் ஆயத்தமாயிருந்த விடை ‘நல்லா எடு’ என்பது. அரைப்பேர் விழுந்தது. அடி விழுந்ததைக் கொடுமையென்று நாம் அறிவோம். இப்படி ஒரு நியாயம் செவியேறாமலே மடிந்ததை மாத்திரம் பரிவென்று எவ்வாறு அழைப்பது? இலங்கையில் பிறந்த மானிடவியலறிஞர் வலன்டைன் டேனியல், 1996 இல் வெளிவந்த தம் நூலில், தேயிலை மலையில் துரைமாரின் பேச்சும் தொழிலாளரின் பேச்சும் எவ்வாறு வேறுவேறு உலகங்களைச் சேர்ந்தனவாயிருந்தன என்பதை விரிவாக ஆராய்ந்திருக்கின்றார். படித்தவர் அதனைப் படித்துப் பார்க்கலாம். படியாதவர் எந்தத் தோட்டத்திலாவது கொழுந்து நிறுக்கும் இடத்தில் சற்றுநேரம் நின்று கேட்கலாம்.

நாம் கவனியாது விட்ட ஓர் உண்மையும் இங்கே இருக்கின்றது. துரைத்தமிழ் அறியாதவர்கள் யாவரெனில், தமிழைத் தாய்ப்பாலோடு பருகியவர்களே. திருச்சிராப்பள்ளியிலிருந்தும் சேலத்திலிருந்தும் மதுரையிலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் கடல் கடந்து, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழி நடந்து, பின்னாளில் புகையிரதம் ஏறி, உச்சிமலைக்கு வந்துசேர்ந்த ஒருவன், விடியுமுன்னே தப்பொலி கேட்டு எழுந்து, ஆட்களை எண்ணி வேலைக்குப் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் நின்றபோது, தன் சொற்களே தனக்கு அந்நியமாய் ஒலிக்கக் கேட்டான். வேற்றுமையுருபுகள் உதிர்ந்த வாக்கியத்தில் யார் யாருக்கு என்ன செய்யவேண்டும் என்பதைத் துரையின் பிரம்பு சுட்டும் திசையைப் பார்த்து அவன் ஊகிக்கவேண்டியிருந்தது. லகரமும் ளகரமும் ழகரமும் ஒன்றாய்க் குழம்பிய உச்சரிப்பைப் பிரித்தறியவேண்டியிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, தான் சொல்ல வந்ததைத் துரையின் பாஷை தாங்கக்கூடிய அளவுக்கு நறுக்கிச் சுருக்கி, ‘ஆமாங்க தொரை’ என்றோ ‘இல்லைங்க தொரை’ என்றோ முடிக்கப் பழகவேண்டியிருந்தது. இதற்கெல்லாம் அவனுக்கு எவரும் சட்டைப்பைப் புத்தகம் அச்சிட்டுக் கொடுக்கவில்லை. அவனைத் தேர்வில் வைத்து ஊதியத்தை உயர்த்தவுமில்லை. இரண்டு பாஷை கற்றவன் அவன்; பாஷை கற்றார் என்ற புகழ் மற்றவருக்குப் போயிற்று. துரை தன் சொல்லைத் தூக்கி அவன் பக்கம் எறிந்தார், அது விழுந்த இடத்துக்கு ஓடிப்போய்ப் பிடித்துக்கொள்ளும் கடமை முழுவதும் அவனைச் சேர்ந்தது. மரியாதையும் அவ்வாறே ஒருவழிப்பட்டது. ஒருபக்கம் ‘நீ’யும் ‘டேய்’யும், மறுபக்கம் ‘தொரைகளே’யும் ‘சாமி’யும். ஒரே பாஷையில் இருவர் சம்பாஷிக்கின்றார்கள் என்று இதற்குப் பெயர் சொல்லலாகாது.

இந்தக் குறைப்பேச்சு நிர்வாகத்துக்கு இடையூறாயிருந்திருக்குமே, இடையூறாயிருந்ததை ஏன் நூறாண்டுக்காலம் திருத்தாமல் விட்டார்கள் என்று ஒருவர் கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்வி அது. அது இடையூறாயிருக்கவில்லை என்பதே விடை. துரையின் பாஷை எங்கே நின்றுபோயிற்றோ அங்கே பெரிய கங்காணியின் அதிகாரம் தொடங்கிற்று. ஆளைச் சேர்த்தவன் கங்காணி. வழிச்செலவுக்கும் அரிசிக்கும் கம்பளிக்கும் முன்பணம் கொடுத்துக் கடனாளியாக்கியவன் அவன். வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் தலைக்காசு பெற்றவன் அவன். தொழிலாளியின் முறையீட்டைத் துரையிடம் எடுத்துச்சொல்லவேண்டியவனும் அவனே. கடன்கொடுத்தவனைப் பற்றிய முறையீட்டைக் கடன்கொடுத்தவன் வாயாலேயே சொல்லவேண்டிய நிலையை எண்ணிப்பாருங்கள். துரைக்கு மெய்யான தமிழ் தெரிந்திருந்தால், ‘துண்டு’ என்று வழங்கிய அந்தச் சீட்டில் எழுதப்பட்ட கடன் எப்படி வந்தது, எவ்வளவு தீர்ந்தது, தந்தை பட்ட கடன் மகன் தலையில் எவ்வாறு ஏறிற்று என்பதையெல்லாம் ஒரு கிழவன் வாயிலிருந்தே அவர் கேட்டிருக்க நேரும். கேட்டபின் தெரியாதென்று சொல்ல முடியாது. ஆளை ஒரு தோட்டத்திலிருந்து மறுதோட்டத்துக்குக் கடனோடு சேர்த்துக் கைமாற்றிய அந்தத் துண்டுமுறை 1921 ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் ஒழிந்தது; அதனை ஒழிக்கவைத்தது இந்தியாவிலிருந்தும் இத்தீவிலிருந்தும் எழுந்த கண்டனமேயன்றித் துரைமாரின் தமிழ்ப் புலமையன்று. செவிகொடுக்க இயலாத ஒரு பாஷையைப் பேசுவது, அதிகாரம் செலுத்துகின்றவனுக்குப் பல சமயங்களில் மிகவும் சௌகரியமான காரியம்.

அந்நியருக்குத் தமிழ் கடினமான பாஷை, அவர்கள் இவ்வளவு கற்றதே பெரிது என்று சமாதானம் சொல்லுவோரும் உண்டு. அவர்களுக்கு நெடிய விடை வேண்டியதில்லை. சென்னையில் கலெக்டர் உத்தியோகம் பார்த்த எல்லிஸ் துரை, தென்னாட்டுப் பாஷைகள் ஒரு தனிக்குடும்பத்தைச் சேர்ந்தவை என்று 1816 இலேயே நிறுவினார். இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் 1856 இல் தம் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். போப்பையர் 1886 இல் திருக்குறளையும் 1900 இல் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் தந்தார். இவர்களெல்லாரும் அதே சீமையிலிருந்து வந்தவர்கள், அதே நாவையுடையவர்கள். இவர்கள் கற்றதற்கும் அவர்கள் கற்காததற்கும் காரணம் அறிவின் ஏற்றத்தாழ்வன்று. ஒரு சாரார் தமிழ் தமக்கு எதையோ சொல்லக்கூடும் என்று எண்ணி அதனை அணுகினார்கள். மறுசாராருக்குத் தமிழ் சொல்லக்கூடியது ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

செயற்கைப் பாஷை என்றாலே இழிந்ததென்று நான் வாதாடுவதாக எவரும் கருதலாகாது. அவ்வாறு கருதுவது மற்றொரு பெரும் மனிதருக்கு அநியாயம் செய்வதாகும். ருஷியப் பேரரசுக்குட்பட்ட பியாலிஸ்டோக் நகரில் 1859 இல் பிறந்து, ருஷியரும் போலந்தியரும் ஜெர்மானியரும் யூதரும் ஒரே வீதியில் ஒருவரையொருவர் பகைத்து வாழ்வதைப் பிள்ளைப்பருவத்திலேயே கண்டு மனம் நொந்த கண்வைத்தியர் ஸாமென்ஹோப், 1887 இல் வார்சாவில் வெளியிட்ட எஸ்பெராந்தோவும் செயற்கைப் பாஷையே. புத்தகத்தில் பிறந்தது அது. இதுவும் புத்தகத்தில் பிறந்தது. ஆனால் அவர் அந்தப் பாஷையை எதற்காகச் சமைத்தார்? இருவர் சந்திக்கும்போது ஒருவர் தம் தாய்மொழியின் மேட்டில் நிற்க, மற்றவர் பள்ளத்தில் நிற்கும் நிலை ஒழியவேண்டும், இருவரும் சமமாகப் பிரயாசைப்பட்டுக் கற்ற ஒரு பொதுவிடத்தில் சமமாக நின்று பேசவேண்டும் என்பதற்காக. 1905 இல் பிரான்சின் புலோன் நகரில் முதல் மகாநாடு கூடியபோது, அந்தப் பாஷை எவருடைய உடைமையுமன்று, அதனைப் படைத்தவருக்கும் அதன்மேல் தனியுரிமை இல்லை என்று அங்கே பிரகடனம் செய்யப்பட்டது. அந்த மனிதரின் பிள்ளைகள் மூவரையும் ஹிட்லரின் ஆட்கள் கொன்றார்கள். சமத்துவத்துக்காகச் செய்யப்பட்ட பாஷையின்மேல் சர்வாதிகாரிகளுக்கு அவ்வளவு வெறுப்பு இருந்தது. இதற்கு நேர்மாறாகத் தென்னாபிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் ஸூலுச் சொற்களையும் ஆங்கிலச் சொற்களையும் குழைத்து வழங்கிய பனகலோவை எடுத்துக்கொண்டால், அது எவராலும் அமர்ந்து எழுதப்பட்டதன்று, தானாக முளைத்ததே. ஆயினும் சுரங்கத்துக்குப் புதிதாக வரும் ஆபிரிக்கருக்குக் கட்டளை வாங்கும் பாஷையாக அது கற்பிக்கப்பட்டது, அவர்களுடைய தொழிற்சங்கங்கள் பிற்காலத்தில் அதனை அவமதிப்பின் சின்னமென்று எதிர்த்தன. ஆகவே ஒரு பாஷை வளர்ந்ததா வனையப்பட்டதா என்பது இங்கே கேள்வியன்று. அதில் மறுத்துப் பேச முடியுமா என்பதே கேள்வி. எஸ்பெராந்தோவில் மறுக்கலாம்; துரைத்தமிழில் மறுக்க முடியாது.

அதே துரைத்தமிழோடு பழகிப் பழகித்தான் தோட்டத்துச் சனங்களின் தமிழும் கெட்டுக் கொச்சையாயிற்று என்று நகரத்தாரும், வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் கற்பிக்க வந்த சில ஆசிரியர்களும் நெடுங்காலமாகச் சொல்லிவருகின்றார்கள். ‘தோட்டக்காட்டான்’ என்னும் வசையும் இந்த எண்ணத்திலிருந்தே சாரம் பெறுகின்றது. இதனை நான் வன்மையாக மறுக்கின்றேன். பெரட்டு, லயம், செக்குரோல், கண்டாக்கையா என்னும் சொற்கள் தோட்டத்தமிழில் ஏறியிருக்கின்றன என்றால், கஜானாவும் வக்கீலும் சாவியும் அலமாரியும் ஏறிய தமிழில் இவை ஏறியதனால் என்ன குறைந்துபோயிற்று? அந்நியச் சொல்லைத் தன் விகுதியால் தழுவித் தன் வீட்டுப் பிள்ளையாக்கிக்கொள்ளுதல் உயிருள்ள பாஷையின் இலட்சணம். துரைத்தமிழால் ஒரு தாலாட்டுப் பாட முடியாது; ஒப்பாரி வைக்க முடியாது; மாசி மாதத்தில் காமனை எரித்துப் பாடும் இரவில் அதில் ஓர் அடிகூட எழாது. தோட்டத்தமிழிலோ இவையெல்லாம் நிறைந்து கிடக்கின்றன. மலையக எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை லயங்களில் வழங்கிய பாடல்களைத் தேடித் திரட்டி நூலாக்கி வைத்தார். தஞ்சை மண்ணிலிருந்து வந்த கோ. நடேசையர், துரைமாரின் காவலைக் கடந்து தோட்டத்துக்குள் நுழைவதற்காகப் புடைவை வியாபாரி வேடம் பூண்டும் சென்று, 1931 இல் தோட்டத் தொழிலாளருக்கென்று தனிச் சங்கம் அமைத்தார். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மை, தொழிலாளரின் துன்பத்தைத் தொழிலாளர் அறிந்த மெட்டுக்களிலேயே பாட்டாக்கிக் கூட்டங்களில் பாடினார். கேட்பவர்களுக்குப் பொருள்சொல்ல அங்கே எவரும் வேண்டியிருக்கவில்லை. கெட்டுப்போன பாஷையில் இது நடவாது.

பாலம் என்று சொல்லுவோருக்கு நான் வேறு இரண்டு நிகழ்ச்சிகளை நினைவூட்ட விரும்புகின்றேன். மடுல்கலைப் பக்கத்து ரெலுகாஸ் தோட்டத்துக்குத் தொழில்பழக வந்த பிரேஸ்கேர்டில் என்னும் வெள்ளைக்கார இளைஞர், தொழிலாளர் நடத்தப்படும் விதத்தைப் பொறாது வேலையை இழந்து, 1937 ஏப்ரலில் நாவலப்பிட்டிக் கூட்டமொன்றில் துரைமாரைக் கண்டித்துப் பேசினார். இத்தீவுக்கு வந்து அவருக்கு ஏறத்தாழ ஓராண்டே ஆகியிருந்தது; ஆயினும் அவர் பேச்சின் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ‘சாமி, சாமி’ என்று தொழிலாளர் ஆரவாரித்ததைத் துரைமாரின் அறிக்கையே அச்சத்தோடு பதிவுசெய்திருக்கின்றது. அரசாங்கம் அவரை நாடுகடத்த முற்பட்டதும், உயர்நீதிமன்றம் அவ்வுத்தரவு செல்லாதென்று தீர்த்ததும் எல்லாரும் அறிந்தவை. நூறாண்டு தமிழ் பேசிய துரைமாருக்கு வாய்க்காத செவி, அந்த ஓராண்டு மனிதருக்கு வாய்த்தது எதனால் என்பதைச் சிந்திக்கவேண்டும். மற்றது நம் ஊவா மாகாணத்திலேயே நடந்தது. 1940 ஆம் ஆண்டு மே மாதத்தில் வேவெஸ்ஸைத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் மூண்டபோது, தொழிலாளர் தங்களுக்குள்ளே ஒரு சபையைத் தேர்ந்தெடுத்தார்கள்; அந்தச் சபையோடு கலந்தாலோசித்தே நிர்வாகம் நடத்துவதென்று தோட்டத்துரை இணங்கவேண்டி வந்தது. பின்னர் பொலீசார் பெருந்தொகையாக வந்து அடக்கிவிட்டார்கள். ஆனால் அந்தச் சிலகால இணக்கத்தின் பொருளை அளவிடவேண்டும்: ஆகையால், ஆனாலும், இருந்திருந்தால் என்னும் சொற்களைக் கேட்பதற்குத் துரையொருவர் மேசையருகே உட்கார்ந்தார். பெர்குசன் குடும்பத்தாரின் கையேட்டினால் உட்காரவில்லை; வேலை நின்றதனால் உட்கார்ந்தார்.

இனி, பெரியோரின் அன்பான ஞாபகத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். ஏனெனில், என் வாதத்துக்கு எதிராக நிற்பவற்றுள் நான் மதிப்பது அது ஒன்றையே. அந்தக் காலத்துத் துரை என்னை என் பெயர் சொல்லிக் கூப்பிட்டார், பிள்ளைக்குச் சுகமா என்று கேட்டார் என்று கண்களில் ஒளியோடு சொல்லும் மூதாட்டியை நான் பொய்யென்று சொல்லேன். மனிதருள் நல்லவர்கள் எங்கும் உண்டு. பாஷையின் வேலியைத் தாண்டி வந்து தொழிலாளர் வாயிலிருந்தே மெய்யான தமிழைக் கற்றுக்கொண்ட துரைமாரும் இருந்திருக்கவேண்டும். ஆயின் அந்த மூதாட்டியின் சொல்லை இன்னும் உன்னிப்பாகக் கேட்டால் அதற்குள் இருக்கும் துயரம் விளங்கும். ஓர் ஆயுட்காலம் முழுவதும் உழைத்த ஓர் உயிருக்கு, பெயர்சொல்லி அழைக்கப்பட்ட ஒரு கணம் பெருஞ்செல்வமாய் நிலைத்திருக்கின்றதென்றால், அழைக்கப்படாத கணங்கள் எத்தனை ஆயிரம் இருந்திருக்கவேண்டும்! அவளுடைய நன்றி அவளுடைய பெருந்தன்மைக்குச் சான்று. அதனை எடுத்துத் துரைமாரின் பரிவுக்குச் சான்றாக வைப்பது அவளுக்கு நாம் செய்யும் அபசாரம்.

பழைய துரைமார் போய்விட்டார்கள். எழுபதுகளில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் நிர்வாகம் கம்பனிகளிடம் போயிற்று. நிர்வாகி எந்த இனத்தவரானாலும் துரை என்ற பெயர் மாத்திரம் போகவில்லை. இந்த வாதத்தை இன்று எடுக்கவேண்டிய அவசியம் அதனாலன்று. துரைத்தமிழ் தோட்டத்தை விட்டிறங்கி அரசாங்கக் காரியாலயத்துக்குள் குடிபுகுந்துவிட்டதே என் கவலை. தமிழும் அரசகரும மொழியென்று 1987 ஆம் ஆண்டில் அரசியலமைப்பின் பதின்மூன்றாந் திருத்தம் விதித்தது. 1999 இல் அப்புத்தளை உள்ளிட்ட பதுளை மாவட்டத்துப் பிரதேச செயலர் பிரிவுகள் சில இருமொழிப் பிரிவுகளாகப் பிரகடனம் செய்யப்பட்டன. 2007 ஜூலை தொடக்கம் அரசசேவையில் சேரும் உத்தியோகத்தர், ஐந்தாண்டுக்குள் மற்ற அரசகரும மொழியில் தேர்ச்சி பெறல்வேண்டும் என்றும் சுற்றறிக்கை பிறந்தது. இவையெல்லாம் நல்ல காரியங்கள். இவற்றுக்காகப் பாடுபட்டோரை நான் வணங்குகின்றேன். ஆனால் அந்தத் தேர்ச்சி என்பது யாது? மருத்துவமனையில் உட்கார், வாயைத் திற, எத்தனை நாள், நாளைக்கு வா. பொலீசில் பெயர் என்ன, எங்கே இருக்கிறாய், கையெழுத்துப் போடு. பிரதேச செயலகத்தில் அந்தக் கடிதம் இல்லை, திங்கட்கிழமை வா. இவ்வளவு தெரிந்தவுடன் தமிழ் தெரிந்தவர் என்ற பெயர் கிடைத்துவிடுகின்றது. நாமும், பழைய துரையை மெச்சிய அதே நாவினால், பாருங்கள் நம் பாஷையிலேயே பேசுகிறார் என்று மெச்சுகின்றோம். பேசுகின்றார் என்பது மெய். தன் மகனின் பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் தகப்பன் பெயர் பிழையாக விழுந்தது எப்படி, அது பிழையென்று தெரிந்தும் அப்போது ஏன் திருத்தவில்லை, இப்போது திருத்தாவிட்டால் அவனுக்கு என்னென்ன நேரும் என்று ஒரு தாய் எடுத்துச்சொல்லும்போது அவருக்கு அது விளங்குகின்றதா என்று எவரும் சோதிப்பதில்லை. 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தாலும், 1964 ஆம் ஆண்டில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ அம்மையாரும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியாரும் செய்த ஒப்பந்தத்தாலும், ஒரு காகிதத்தில் விழுந்த பெயரே ஒரு குடும்பத்தை இக்கரையிலோ அக்கரையிலோ எறியக் கண்ட சனங்கள் இவர்கள். இவர்களுக்குக் காகிதத்தைப் பற்றிய பேச்சு ஒருபோதும் இரண்டு சொல்லில் முடிவதில்லை.

ஆதலால் நாம் கேட்கவேண்டியது, உத்தியோகத்தர்கள் இன்னும் அதிகமாகத் தமிழ் பேசவேண்டும் என்பதன்று. எத்தனை சொல் தெரியும், எந்த வாக்கியத்தைப் பிழையின்றிச் சொல்லுவார் என்று அளக்கும் தேர்வு, கூலித்தமிழ் நூலின் வழிவந்த தேர்வே. கேட்கும் ஆற்றலைச் சோதிக்கும் தேர்வு வேண்டும், அதை வைப்பதும் கடினமன்று. பதுளையிலோ பண்டாரவளையிலோ அப்புத்தளையிலோ, உத்தியோகத்தருக்கு எதிரே மலையிலிருந்து வந்த ஒரு பெண்ணை நாற்காலியில் அமர்த்தவேண்டும். அவள் தன் மெய்யான வழக்கொன்றைத் தன் வழக்கமான பேச்சில், வேகத்தைக் குறைக்காமல், தொடங்கியதிலிருந்து முடியும்வரை சொல்லவேண்டும். உத்தியோகத்தர் அதனை அவளிடமே திரும்பத் தமிழில், வாங்க போங்க என்னும் மரியாதையோடு எடுத்துச்சொல்லவேண்டும். நான் சொன்னது இதுதான் என்று அவள் ஒப்பினால் சித்தி. இல்லையென்றால் அடுத்த ஆண்டு மறுபடியும் வரட்டும். புள்ளி போடும் பேனா அவள் கையில் இருக்கவேண்டும். அன்றைக்கு மலைக்குப் போகாததற்காக அவளுக்கு முழுப்பேரும், அதன்மேல் பரீட்சகருக்குரிய படியும், காரியாலயத்தை விட்டுப் போகுமுன்னே கையில் கொடுக்கப்படவேண்டும்.